சிமெண்டு, கம்பி, தார்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதக் கேள்விகள் எல்லாமே மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை.

கேள்வி: பால்மரம் வெட்டும் பெண்ணை நாலடி உயரத்தில் சிமெண்டில் செய்து, தோட்டத்து மண்டப வாசலில் வைத்தோம். எட்டே மாதத்தில் கழுத்திலும் முழங்கையிலும் வெடிப்பு. பழுப்பு நீர் வேறு வழிகிறது. சிமெண்டு மட்டமா, ஐயா?

பதில்: சிமெண்டின் மேல் பழி போடாதீர்கள். அந்தப் பழுப்பு, உள்ளே இருக்கும் கம்பியின் துரு. இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கு மேல் பருக்கும். இடம் போதாமல் பூச்சைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கழுத்தும் கையும் மெலிதாகத் தெரிய வேண்டும் என்று அங்கே பூச்சைக் குறைத்திருப்பீர்கள். மழையில் நிற்கும் சிலைக்குக் கம்பியின் மேல் 20 மில்லிமீட்டர் பூச்சாவது வேண்டும். அவ்வளவு இடமில்லாத உறுப்புகளுக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் இரண்டு கைக்கு எத்தனை அடி கம்பி பிடிக்கும்?

அடுத்தது கலவை. ஒரு வாளி சிமெண்டுக்கு இரண்டு வாளி சலித்த மணல். ஒரு கிலோ சிமெண்டுக்குத் தண்ணீர் 400 முதல் 450 கிராம். கையில் பிடித்து அமுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. கலவை இறுகத் தொடங்கியதும் இன்னொரு குவளை ஊற்றி இளக்குகிறார்களே, அங்கேதான் வேலை கெடுகிறது. அந்த நீர் பிற்பாடு ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளை. மழை அதன் வழியாகத்தான் கம்பியைத் தொடும். இறுகிய கலவையைக் கொட்டிவிடுங்கள். அரை மணி நேரத்தில் பூசி முடிக்கிற அளவுக்கு மட்டும் குழையுங்கள்.

முதல் பூச்சைக் கம்பியைச் சுற்றிக் கட்டிய கோழிவலைக்குள் விரலால் அழுத்துங்கள், மறுபக்கம் பிதுங்கும் வரை. வலைக்குப் பின்னால் காற்று நின்றால் அந்த இடம் தட்டும்போது 'டொக்'கென்று ஒலிக்கும். மேலே கீறிவிட்டு, மறுநாள் இரண்டாம் பூச்சு. பிறகு 7 நாள் ஈரச் சாக்கு, அதன்மேல் பிளாஸ்டிக்.

இப்போதுள்ள வெடிப்பைச் சும்மா பூசி மறைத்தால் திரும்பவும் திறக்கும். துருப்பிடித்த கம்பி முழுதும் தெரியும்வரை, கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும்வரை, உளியால் கொத்துங்கள். கம்பி பளபளக்கும்வரை இரும்பு பிரஷ் போட்டுத் தேய்த்து, சிமெண்டுப் பால் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே அடைத்துவிடுங்கள்.

கேள்வி: சிலைக்கு எண்ணெய்ச் சாயம் அடித்தேன். பிசுபிசுத்து உரிகிறதே?

பதில்: ஈரம் காயாத சிமெண்டின் காரம், சாயத்திலுள்ள எண்ணெயைச் சோப்பாக்கிவிடுகிறது. நாலு வாரம் பொறுத்து, காரம் தாங்கும் அடிச்சாயம் போட்டு, அக்ரிலிக் சாயம் அடியுங்கள். சாயமே வேண்டாமென்றால் இரும்பு ஆக்சைடு பொடியைச் சிமெண்டோடு கலக்கலாம்: 50 கிலோ மூட்டைக்கு 2.5 கிலோ போதும். 5 கிலோவைத் தாண்டினால் நிறம் பெரிதாக ஏறாது, உறுதிதான் குறையும். ஈரத்தில் பார்க்கும் நிறத்தை நம்பாதீர்கள், காய்ந்தால் வெளிறும்.

கேள்வி: பிளைவுட்டில் தார் பூசி, அதன்மேல் வெள்ளைச் சாயத்தில் ரப்பர் மரங்கள் வரைந்தேன். முதலைத் தோல் போல் வெடித்துவிட்டது.

பதில்: தார் என்றைக்கும் முழுதாகக் காயாது. அடியில் அது நகர, மேலே இறுகிய சாயம் கிழிகிறது. ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் ஆழமான பழுப்புக்காகத் தார் சேர்த்து இதே பாடு பட்டார்கள். பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1819-இல் முடித்த பெரிய கப்பல் விபத்து ஓவியம் கறுத்துப்போனதற்கும் தாரைத்தான் சொல்கிறார்கள். வரிசையை மாற்றுங்கள்: அடியில் அக்ரிலிக், அது நன்றாகக் காய்ந்தபின் கடைசியாக மெல்லிய தார். மேற்கு வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள்.

வெடிப்பே வேண்டுமென்றால் அதற்குத் தார் எதற்கு? இத்தாலியின் ஆல்பர்ட்டோ பூரி வெள்ளைக் களிமண்ணையும் பசையையும் கலந்து, வேண்டுமென்றே வெடிக்கவிட்டு ஓவியம் செய்தார். 1968 நிலநடுக்கத்தில் அழிந்த ஜிபெல்லினா ஊரின் இடிபாடுகளை அதே வெடிப்பு வடிவத்தில் கான்கிரீட்டால் மூடும் வேலையை 1984-இல் தொடங்கினார். அது முழுமையடைந்தது அவர் இறந்து 20 ஆண்டு கழித்து, 2015-இல். உங்களுக்கு அந்த வெள்ளைக் களிமண் தூரமில்லை: பீடோர், தாப்பா பக்கம் தோண்டுகிறார்கள். வெள்ளைத் தச்சுப் பசையில் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து ஊற்றுங்கள். தடிமன் கூடினால் வெடிப்பு அகலமாகும். பசை கூடினால் வெடிக்கவே வெடிக்காது. சிறு பலகையில் நாலு விதமாகப் பார்த்துவிட்டுப் பெரிதில் இறங்குங்கள்.

கேள்வி: இடித்த லயத்து வீட்டுக் கூரைத் தகடுகள் நிறையக் கிடக்கின்றன. வெட்டி ஒட்டலாமா?

பதில்: சிங்க் தகடானால், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடானால், வெட்டலாம், வெல்டிங் மட்டும் காற்றோட்டத்தில் செய்யுங்கள், அந்தப் புகை ராத்திரி குளிர்காய்ச்சலைக் கொடுக்கும். அலையலையான சாம்பல்நிறச் சிமெண்டுத் தகடாக இருந்தால் அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள், பெருக்கவும் பெருக்காதீர்கள். அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல்லாண்டு கழித்துப் புற்றுநோயாக வரலாம்.