உடுமலையில் இத்தனை காற்றாலைகள் இருக்க, அணுமின்சாரம் எதற்கு?

பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று வீசும்போது உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகள் ஓயாமல் சுழலும். மாசியில் போய்ப் பாருங்கள், பெரும்பாலானவை சும்மா நிற்கும். ஆனால் சோமனூர் விசைத்தறிக்கும் திருப்பூர் பின்னலாடைக்கும் மாசியிலும் மின்சாரம் வேண்டுமே!

கூடங்குளத்தில் இப்போது ஓடும் 2 உலைகளும் தலா 1000 மெகாவாட். யுரேனிய அணுக்கள் பிளவுபடும் வெப்பத்தில் நீராவி உண்டாகி டர்பைனைச் சுழற்றுகிறது. மேட்டூர் அனல்மின் நிலையத்திலும் நீராவிதான். அங்கே நிலக்கரி எரிந்து கரியமில வாயு வெளியேறுகிறது, உலையில் அது இல்லை. எரிபொருள் மாற்றவும் பராமரிக்கவும் நிறுத்தும் காலம் போக, இரவும் பகலும் ஒரே சீராக ஓடும்.

அந்தச் சீரே ஒரு சிக்கல். மாலையில் வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கும்போது சட்டென்று உற்பத்தியைக் கூட்ட அணு உலை ஏற்றதல்ல. அதற்கு ஆழியாற்றுக்கு மேலே இருக்கும் கடம்பாறை நிலையம் அருமையான துணை: மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேலணைக்கு ஏற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் வரை தரும். இப்படிப்பட்டவை இன்னும் பல வேண்டும் என்பேன்.

பயன்படுத்திய எரிபொருளின் கதிரியக்கம் பல்லாயிரம் ஆண்டுகள் நீடிக்கும். அதை எங்கே வைப்பீர்கள் என்று கூடங்குளத்துக் கடற்கரை மக்கள் கேட்பது முழு நியாயம். அவர்களுக்குத் தெளிவான பதில் தராமல் உலைகளைப் பெருக்குவதை நான் ஏற்கவில்லை.