கதவு எப்போது மூடும்? அயல்நாட்டில் நோய் பரவும் காலத்துப் பயணம்: கேள்வி பதில்

புதுச்சேரியில் இருபத்தெட்டு ஆண்டுகள் விமானப் பயணச்சீட்டு முகவராக இருந்து, அண்மையில்தான் கடையை மகனிடம் ஒப்படைத்தேன். நோயைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பயணச்சீட்டு, விசா, வீடு திரும்பும் வழி ஆகியவற்றுக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன்.

லாசுப்பேட்டையிலிருந்து ஒரு தாயார்: ரெயூனியன் தீவில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போகவிருக்கிறேன். அங்கே சிக்குன்குனியா பரவினால் விமானங்களை நிறுத்திவிடுவார்களா, ஐயா?

நிறுத்துவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு, அம்மா. 2005-06இல் அந்தத் தீவின் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரை அந்தக் காய்ச்சல் படுக்க வைத்தது. 2025இலும் பெரிதாகப் பரவியது. ஏடிஸ் கொசுவால் பரவும் நோய்க்காக நாடுகள் எல்லையை அடைப்பது அரிது. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய் என்றால்தான் கதவு சட்டென்று மூடும். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, பயணத் தடை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே சில விமான நிறுவனங்கள் தங்கள் சேவையை நிறுத்திக்கொண்டன. ஆகவே செய்தியைப் படிக்கும்போது எத்தனை பேருக்கு நோய் என்பதைவிட, அது எப்படிப் பரவுகிறது என்பதை முதலில் பாருங்கள். உங்கள் பயணத்தில் விமானத்தைவிடக் கவலைக்குரியவர் உங்கள் மகள்தான். பிரசவ வேளையில் தாய்க்கு இந்தக் காய்ச்சல் இருந்தால் குழந்தைக்கும் தொற்றக்கூடும் என்பதால், கொசுவலையையும் கொசு விரட்டியையும் பற்றி அவருடைய மருத்துவரிடம் இப்போதே பேசச் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை வாசகர்: நான் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவன், பாரிசில் வேலை. பெற்றோர் இங்கே இருக்கிறார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை ஆயுள் முழுதும் செல்லும் என்பதால் எனக்குத் தடை வராது அல்லவா?

இந்த நம்பிக்கையோடு இருந்த பலரை 2020இல் என் கடை வாசலிலேயே பார்த்தேன். அந்த ஆண்டு மார்ச் 13 முதல், ஓ.சி.ஐ. அட்டைக்குரிய விசா இல்லாப் பயண வசதியையும் மற்ற விசாக்களோடு சேர்த்து இந்திய அரசு நிறுத்தி வைத்தது. மே மாதப் பிற்பகுதியில்தான் குடும்பத்தில் அவசரநிலை ஏற்பட்டவர்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு மட்டும் அது தளர்த்தப்பட்டது. கடவுச்சீட்டு எந்த நாட்டினுடையதோ அந்த நாடுதான் நெருக்கடியில் உங்களைத் தன்னவராகக் கருதும். அட்டையைச் சலுகை என்றே கொள்ளுங்கள். தந்தையார் நோயுற்றவர் என்றால், அவருடைய மருத்துவச் சான்றின் நகலையும் உங்கள் உறவைக் காட்டும் பிறப்புச் சான்றையும் இப்போதே கைப்பேசியில் சேமித்து வையுங்கள். 2020இல் ஒரு மகன் தன் பிறப்புச் சான்றைத் தேடித் தரச் சொல்லிப் பாரிசிலிருந்து அழைத்தார். அது வில்லியனூரில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது, சாவியோ அவரிடம் பாரிசில் இருந்தது.

அவரே மீண்டும்: தடை வருமுன் எவ்வளவு நாள் அவகாசம் கிடைக்கும்?

மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் மார்ச் 22 முதல் இந்தியாவுக்கு வரக் கூடாது என்ற அறிவிப்பு 2020 மார்ச் 19 அன்றுதான் வந்தது. சிக்கிக்கொண்டவர்களை அழைத்து வரும் வந்தே பாரத் விமானங்கள் தொடங்கியது மே 7இல். வழக்கமான பன்னாட்டுச் சேவை திரும்பியதோ 2022 மார்ச் 27இல். மூடுவது மூன்று நாளில், திறப்பது ஈராண்டில்.

பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி: துபாயில் வேலை பார்க்கிறேன். இரண்டு மாத விடுப்பில் ஊருக்கு வர எண்ணம். இடையில் விமானம் நின்றால்?

விடுப்பின் கடைசி நாளுக்குத் திரும்பும் சீட்டைப் போடாதீர்கள். பத்து நாளாவது முன்னே போடுங்கள். பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அமீரகத்தின் வசிப்பிட விசா செல்லாது போய்விடும் என்பதால், நாள்கணக்கைக் குறித்து வையுங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் விலக்கு அளித்தார்கள் என்பதற்காக அடுத்த முறையும் அளிப்பார்கள் என்று இருந்துவிட வேண்டாம். விடுப்புக் கடிதத்தில் திரும்ப வேண்டிய தேதியோடு, பயணத் தடையால் நேரும் தாமதம் பணிநீக்கத்துக்குக் காரணமாகாது என்ற ஒரு வரியையும் முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் பொன்.

மஞ்சக்குப்பம் வாசகர்: செய்தியைப் பார்த்துப் பயந்து சீட்டை ரத்து செய்யலாமா? பணம் வருமா?

பொறுத்திருங்கள். நீங்கள் ரத்து செய்தால் அது உங்கள் விருப்பம். சீட்டின் விதிப்படி கழிவு போக மீதிதான் வரும். விமான நிறுவனமே ரத்து செய்தால் முழுத்தொகை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆகவே மலிவான சீட்டு என்றால் புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்புவரை காத்திருப்பதே பெரும்பாலும் இலாபம். 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஊரடங்குக் காலத்து ரத்துகளுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் முறையை வகுத்தபோது, முகவர் வழியே எடுத்த சீட்டின் தொகை முகவர் வழியே பயணிக்குச் சேர வேண்டும் என்றது. என் தொழில்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன்: முகவரிடம் கட்டிய பணத்துக்கு இரசீது வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். பாரிசிலிருந்து புறப்படும் விமானம் என்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி பணமோ மாற்று விமானமோ நீங்கள் தேர்ந்துகொள்ளலாம். மாற்று விமானத்துக்குக் காத்திருக்கும் வரை உணவும் தங்குமிடமும் அந்த நிறுவனத்தின் பொறுப்பு. காரணம் நோய்ப் பரவலாக இருந்தாலும் இது பொருந்தும். தனி இழப்பீடுதான் கிடைக்காது.

பயணக் காப்பீடு இதற்கெல்லாம் கைகொடுக்குமா?

நோய்ச் செய்தி ஊரெங்கும் பரவிய பிறகு எடுத்தால் பெரும்பாலும் கைகொடுக்காது. தெரிந்த ஆபத்து என்று விலக்கிவிடுவார்கள். பயத்தால் ரத்து செய்வதும் கணக்கில் வராது. சீட்டு எடுத்த நாளிலேயே காப்பீடும் எடுத்து, பெருந்தொற்று குறித்த பிரிவை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

கடலூர் மாணவர்: சென்னை–தோகா ஒரு நிறுவனத்திலும், தோகா–பிராங்க்பர்ட் இன்னொன்றிலும் தனித்தனியாக எடுத்தால் எட்டாயிரம் ரூபாய் மிச்சம். எடுக்கலாமா?

நோய்க் காலத்தில் வேண்டாம். ஒரே முன்பதிவு எண்ணில் இரண்டும் இருந்தால், முதல் விமானம் நின்றதும் அடுத்ததையும் அவர்களே மாற்றித் தர வேண்டும். தனித்தனி என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். தவிர, பெட்டியை எடுத்து மீண்டும் பதிவு செய்ய இடைவழி நாட்டுக்குள் நுழைய நேரிடும். அந்த நாடு அன்றைக்கு இந்தியரை அனுமதிக்காவிட்டால் சென்னையிலேயே ஏற்ற மாட்டார்கள்.

கென்யா செல்பவர்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படும் வாரத்தில் போடலாமா?

கூடாது. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். அது இல்லாமல் திரும்பினால் இங்கே ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். முன்கூட்டியே நாள் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் அம்மையார்: மகன் சென்னையில் இறங்கிவிட்டால் கவலை தீர்ந்தது தானே?

அங்கேதான் நம்மூர்க்காரர்கள் ஏமாந்தார்கள், அம்மா. 2020இல் சென்னையில் இறங்கியவர்கள் முதலில் தனிமைப்படுத்தல் விடுதியில் நாட்களைக் கழித்து, பிறகு மாவட்டம் தாண்ட இ-பாஸ் வாங்க வேண்டியிருந்தது. புதுச்சேரிக்காரர்களுக்கு அதற்கு மேலும் கோரிமேட்டு எல்லைச் சோதனை காத்திருந்தது. ஆகவே மகனின் கைப்பையில் வழக்கமான மாத்திரைகள் ஒரு மாதத்துக்குக் கூடுதலாக, மருத்துவரின் சீட்டோடு இருக்கட்டும். பெட்டியில் வைத்தால் பெட்டி வேறு ஊருக்குப் போகும். சென்னையில் பத்து நாள் தங்கும் செலவுக்கான பணத்தை அவர் கணக்கில் தொடாமல் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு முகவரி அச்சிட்ட ஓர் அடையாள அட்டையும் வேண்டும். அவருடைய ஆதாரில் இன்னும் பழைய வாடகை வீட்டு முகவரி இருந்தால், அதை அவர் கிளம்புமுன் மாற்றிவிடுங்கள்.