கனோவா இருந்த அறையில் ஒரு மாணவி

கேள்வி: அமெரிக்கச் சிற்பி ஹேரியட் ஹாஸ்மர் ரோமில் படித்த காலத்தில் ஊருக்கு எழுதிய கடிதங்கள் கிடைக்கின்றனவா? அவற்றில் அப்படி என்ன இருக்கிறது?
– நுண்கலைக் கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: கிடைக்கின்றன. அவருடைய பள்ளித்தோழி கொர்னீலியா கார் தொகுத்து, 1912-ல் புத்தகமாக வந்தது. கொர்னீலியாவின் அப்பா வேமன் குரோ, செயின்ட் லூயிஸ் நகரத்து வணிகர். முக்கியமான கடிதங்கள் பல அவருக்கு எழுதியவை.

ஹாஸ்மர் 1830-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வாட்டர்டவுனில் பிறந்தவர். அம்மாவையும் உடன்பிறந்தவர்களையும் காசநோய்க்குப் பறிகொடுத்த குடும்பம். டாக்டரான அப்பா, மிஞ்சிய ஒரே மகளைப் படகோட்டவும் குதிரையேறவும் விட்டு வளர்த்தார். சிற்பிக்கு உடற்கூறு தெரிய வேண்டுமே. பாஸ்டனில் பெண்ணுக்கு அதைக் கற்றுத்தர ஆளில்லை. குரோ வீட்டில் தங்கி, செயின்ட் லூயிஸ் மருத்துவப் பேராசிரியர் மெக்டவலிடம் கற்றார்.

1852 இறுதியில் ரோம் போய்ச் சேர்ந்தார். அங்கே சிற்பி ஜான் கிப்சன் பெரிய பெயர். புகழ்பெற்ற இத்தாலியச் சிற்பி கனோவாவிடம் பயின்றவர், லேசில் யாரையும் மாணவராகச் சேர்க்காதவர். ஹாஸ்மர் செய்த 'ஹெஸ்பர்' மார்பளவுச் சிலையின் படங்களைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். அந்தச் சந்தோஷம் கடிதத்தில் துள்ளுகிறது: நெஞ்சில் இருந்த பெரிய ஆசை நிறைவேறிவிட்டது, வேலை செய்யக் கிடைத்த சிறிய அறை ஒருகாலத்தில் கனோவா இருந்தது, அதன் சுவர்களிலிருந்தும் ஊக்கம் பிறக்கலாம் என்று எழுதுகிறார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத கடிதம் அது.

பாடம் என்னவோ பழைய சிலைகளைப் பார்த்துக் களிமண்ணில் அப்படியே செய்வதுதான். ஒருமுறை சிலை முடியும் தறுவாயில் உள்ளே தாங்கியிருந்த இரும்புக் கம்பி முறிந்து, எல்லாம் தரையில் சரிந்ததாம். அழவில்லை, உடனே புதிதாக மண்ணைப் பிசைந்தார் என்கிறார்கள். ஈர மண்ணின் எடையைத் தாங்கும் கம்பியை முதலிலேயே சரியாகக் கட்ட வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டியவை பணக் கடிதங்கள். அப்பாவுக்கு நஷ்டம், இனிச் செலவுக்கு அனுப்ப முடியாத நிலை. ஹாஸ்மர் ஊர் திரும்ப மறுத்தார், குரோ கைகொடுத்தார். குரோவுக்காகச் செய்த, கிரேக்கப் புராணத்து வனதேவதை 'ஈனோன்'தான் ஹாஸ்மரின் முதல் முழு உருவச் சிலை. அடுத்து, காளான்மேல் உட்கார்ந்த, ஷேக்ஸ்பியர் நாடகத்துக் குறும்புக் குட்டித் தேவதை 'பக்'. அதற்குப் பிரதி மேல் பிரதி கேட்டு வந்தார்கள். வேல்ஸ் இளவரசரும் ஒன்று வாங்கினார். அதன்பின் யார் கையையும் எதிர்பார்க்கவில்லை.

பெயர் வந்ததும், சிலைகளை இவர் செய்யவில்லை, வேலையாட்கள் செய்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அதற்கு அவர் 1864 டிசம்பர் 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் பதில் எழுதினார். எது சிற்பியின் கை, எது கல்தச்சரின் கை என்று வேலைமுறையையே விளக்கும் கட்டுரை. கடிதங்களோடு அதையும் தேடிப் படியுங்கள்.