கிளேட்டனில் ஒரு பழைய மைதானம்

அன்புள்ள ஐயாவுக்கு,

மான்செஸ்டரில் வேலை. குடும்பத்தோடு வந்து ஆறு வருடம் ஆகிறது. மகனுக்குப் பத்து வயது, மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணி என்றால் உயிர். போன வாரம் பள்ளியிலிருந்து முகம் வாடி வந்தான். கூடப் படிக்கும், எதிரணியான மான்செஸ்டர் சிட்டியின் ரசிகப் பையன்கள் “உங்க மைதானம் மான்செஸ்டர்லயே இல்ல, நீங்க வெளியூர்” என்றார்களாம். வரைபடத்தைப் பார்த்தேன். யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்ட் உண்மையிலேயே மாநகர எல்லைக்கு வெளியே, டிராஃபோர்ட் என்ற தனி நகராட்சியில்தான் இருக்கிறது. “நாம மான்செஸ்டர் இல்லையாப்பா?” என்று கேட்கிறான். அவன் கால்பந்தை மட்டும்தான் கேட்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. என்ன சொல்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த “நாம” என்ற சொல்லைத் தாண்டிப் போக வெகுநேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வரைபடம். பையன்கள் சொன்னது சரி என்றே மகனிடம் ஒப்புக்கொள்ளுங்கள். டிராஃபோர்ட் நகராட்சி 1974இல் உருவானது. அதற்கு முன்பும் அந்த இடம் ஸ்ட்ரெட்ஃபோர்ட் என்ற வேறு ஊரின் நிர்வாகத்தில்தான் இருந்தது. ஆனால் அதே ஓல்ட் டிராஃபோர்டில், எல்லைக்கு அதே பக்கத்தில், ஒரு கிரிக்கெட் மைதானமும் இருக்கிறது. சச்சின் 1990இல் தன் முதல் டெஸ்ட் சதத்தை அடித்தது அங்கேதான். அதை மான்செஸ்டர் டெஸ்ட் என்றே உலகம் சொல்கிறது. சிட்டி ரசிகர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

இனி உங்கள் மகனுக்குப் பிடிக்கும் பகுதி. யுனைடெட் 1878இல் நியூட்டன் ஹீத்தில் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய அணி. நியூட்டன் ஹீத் மாநகர எல்லைக்குள், கிழக்குப் பக்கம் இருக்கிறது. 1893இல் பக்கத்திலேயே கிளேட்டனில் பேங்க் ஸ்ட்ரீட் மைதானத்துக்குப் போனார்கள். சுற்றிலும் தொழிற்சாலைகள். ரசாயன ஆலைப் புகை மைதானத்தின் மேல் கவியும். மான்செஸ்டர் யுனைடெட் என்ற பெயர் 1902இல் வந்ததும், முதல் லீக் பட்டத்தை 1908இல் வென்றதும் அந்தப் புகைக்கு நடுவில்தான். பிறகு ஜான் ஹென்றி டேவிஸ் என்ற மதுபான ஆலை முதலாளி பணம் போட்டார். 1910இல் மேற்கே, எல்லையைத் தாண்டிப் புது மைதானம் எழுந்தது.

சிட்டியும் பிறந்தது கிழக்கில்தான், கோர்ட்டன் பகுதியில், ஒரு தேவாலயத்தைச் சேர்ந்தவர்களால். பிறகு தெற்கே மாஸ் சைடுக்குப் போய் மெயின் ரோடு என்ற மைதானத்தில் 80 ஆண்டு ஆடினார்கள். 2003இல் மறுபடி கிழக்கே வந்தார்கள். எங்கே? பழைய பேங்க் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில்! சிட்டியின் இன்றைய எத்திஹாட் அரங்கிலிருந்து சிறிது தூரம் நடந்தால் யுனைடெட் தன் முதல் பட்டத்தை வென்ற மண் வந்துவிடும்.

இதை வைத்து அந்தப் பையன்களை மடக்கச் சொல்லவில்லை. அவர்கள் பேச்சுக்குப் பின்னால் ஒரு வலி இருக்கிறது. 1998–99இல் சிட்டி மூன்றாம் நிலை லீக்குக்கு விழுந்து கிடந்தது. அதே பருவத்தில் யுனைடெட் மூன்று பெரிய கோப்பைகளை அள்ளியது. அப்போதும் மெயின் ரோட்டுக்கு ஆட்டத்துக்குச் சராசரியாக 28,000 பேர் வந்தார்கள். உலகமெல்லாம் யுனைடெட் சட்டை போட்டுத் திரிந்த காலத்தில் அவர்கள் கையில் மிஞ்சியது ஊர் ஒன்றுதான். “கோப்பை உங்களுக்கு, ஊர் எங்களுக்கு” என்று அதை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். 2009இல் யுனைடெட்டிலிருந்து டெவஸ் என்ற ஆட்டக்காரர் சிட்டிக்கு வந்தபோது “மான்செஸ்டருக்கு நல்வரவு” என்று பெரிய விளம்பரப் பலகை வைத்தார்களே, அது அந்தப் பிடிவாதத்தின் குரல். அதை நான் மதிக்கிறேன். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியை விடாமல் பார்க்கப் போகிறவனுக்கு ஊர்மேல் உரிமை உண்டு. அடுத்தவனை வெளியூர்க்காரன் ஆக்கும் உரிமை மட்டும் கிடையாது.

அதை அந்த ஊரின் வரலாறே அனுமதிக்காது. யுனைடெட்டை எழுப்பி நிறுத்திய மேலாளர் மேட் பஸ்பி, ஆட்டக்காரராகச் சிட்டிக்கு 1934இல் எஃப்.ஏ. கோப்பை வென்று தந்த அணியில் இருந்தவர். அதே அணியின் கோல்கீப்பர் ஃபிராங்க் ஸ்விஃப்ட். இரண்டாம் உலகப் போரில் ஓல்ட் டிராஃபோர்டில் குண்டு விழுந்தபின் 1949 வரை யுனைடெட் தன் ஆட்டங்களை மெயின் ரோட்டில், சிட்டியின் வீட்டில் ஆடியது. 1958 பிப்ரவரியில் மியூனிக்கில் யுனைடெட் அணியின் விமானம் நொறுங்கி 23 பேர் இறந்தபோது, பத்திரிகையாளராக உடன் சென்றிருந்த ஸ்விஃப்ட்டும் இறந்தார். பஸ்பி பிழைத்தார். அன்று அழுத வீடுகளை எந்த எல்லைக் கோட்டால் பிரிப்பது?

ஐம்பது ஆண்டு கழித்து, 2008 பிப்ரவரி 10இல், ஓல்ட் டிராஃபோர்டில் இரண்டு அணிகளுக்கும் ஆட்டம். ஒரு நிமிட மௌனத்தைச் சிட்டி ரசிகர்கள் கெடுத்துவிடுவார்களோ என்று பலரும் பயந்தார்கள். அவர்கள் அமைதியாக நின்றார்கள். பிறகு ஆட்டத்தை 2–1 என்று சிட்டி வென்றது.

இப்போது அந்த “நாம”. நியூட்டன் ஹீத் தொழிலாளர்கள் பிழைப்புக்காக வந்த ஊரில் ஓய்வு நேரத்தில் பந்து உதைத்தவர்கள். நீங்களும் பிழைப்புக்கு வந்தவர். உங்கள் மகன் படிப்பதும், சண்டை போடுவதும், அழுவதும் அந்த ஊரில். “ஆமாம்டா, நாம மான்செஸ்டர்தான்” என்று தயங்காமல் சொல்லுங்கள். தயங்கினால் குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை அவனைக் கிளேட்டனுக்கு அழைத்துப் போங்கள். பேங்க் ஸ்ட்ரீட் மைதானம் இருந்த இடத்தை ஒட்டி இன்று சைக்கிள் பந்தய அரங்கு நிற்கிறது. முடிந்தால் அந்தச் சிட்டி பையன்களில் ஒருவனையும் கூட அழைத்துப் போங்கள். ஸ்விஃப்ட்டின் கதையை இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லுங்கள்.

அன்புடன்.