மலையில் குடியேறலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளில் அவ்வப்போது ஒரு மலையூர் வந்துபோகிறது. ஒன்பது வருடம் அங்கே இருந்ததாக ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஏன் இறங்கி வந்தீர்கள் என்று மட்டும் எங்கேயும் எழுதவில்லை.

எனக்கு வயது 41. கணினியில் செய்யும் வேலை, எங்கிருந்தும் செய்யலாம். மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபத்திரண்டு வயது அப்பா. அப்பாவுக்கு நான்கு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தோம். சிறிய மலையூர் ஒன்றில் வீடு பார்த்து வைத்திருக்கிறேன். மூன்று முறை போய் நாலு நாலு நாள் தங்கிவிட்டு வந்தோம். ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் நன்மை, மறுபக்கம் தீமை என்று எழுதினேன். நன்மைப் பக்கம் நிரம்பிவிட்டது: குளிர், சுத்தமான காற்று, அமைதி, தோட்டம், நெரிசல் இல்லாத தெரு, முகம் பார்த்துப் பேசும் மனிதர்கள். தீமைப் பக்கத்தில் இணையம், மருத்துவமனை, அவ்வளவுதான். மனைவி தாளைப் பார்த்துவிட்டு, "நாலு நாள் விருந்தாளிக்கு எந்த வீடும் நல்ல வீடுதான்" என்றாள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சொன்னதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். மலையைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் நான் விடுவதில்லை. என் வீட்டில் எல்லோரும் கேட்டு அலுத்துப்போய்விட்டார்கள்.

எந்த மாதங்களில் போனீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பிள்ளைகளுக்கு விடுமுறை, வானம் தெளிவு, சாலையில் ஈரமில்லை. இப்படித்தான் இருந்திருக்கும். நானும் அப்படி ஒரு மாதத்தில் பார்த்துத்தான் ஏமாந்தேன். ஏமாந்தேன் என்பது கொஞ்சம் அதிகம். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குடிபோய் நான்காவது மாதம் மழை பிடித்தது. ஒருநாள் வெளியே கிளம்ப அலமாரியைத் திறந்தால், தோல் பெல்ட்டின் மேல் யாரோ மாவு தூவியது போலப் பூஞ்சணம். துடைத்து வைத்தேன். மூன்றாம் நாள் திரும்ப வந்துவிட்டது, இந்த முறை பச்சையும் சேர்த்து. அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. உப்பு ஜாடியில் அடியில் தண்ணீர். தீக்குச்சியை உரசினால் மருந்து உதிர்கிறது, பற்றவில்லை. புத்தகங்களின் அட்டை வெளிப்பக்கமாக வளைந்து நிற்கிறது. துவைத்த துணி நாலு நாளாகக் கொடியில் கிடந்து, நனைந்த நாயின் வாடையை எடுத்துக்கொண்டுவிட்டது. மூடுபனி என்பது தரையைத் தொடும் மேகம்தானே. படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஜன்னல் வழியே உள்ளே வந்து உங்கள் மெத்தையில் படுத்துக்கொண்டால் அது வெறும் தண்ணீர். எனக்குத் தும்மலோடு போயிற்று. ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பூஞ்சணம் விளையாட்டல்ல.

சுத்தமான காற்று என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர் மலையின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. முகட்டிலோ சரிவிலோ இருந்தால் சரி. நாலு பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தில் இருந்தால் கதை வேறு. இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடாக இருப்பதால், கீழே உள்ளது எழும்பிப் போக வழியில்லை, மூடி போட்ட பாத்திரம் மாதிரி. அந்த மூடிக்கு அடியில் ஊரின் விறகுப் புகை, வண்டிப் புகை எல்லாம் விடியும்வரை கிடக்கும். குளிர்கால அதிகாலையில் மேட்டில் ஏறி நின்று பார்த்தால் ஊர் தெரியாது, ஒரு சாம்பல் நிறப் போர்வைதான் தெரியும். அதைப் பனி என்று நினைத்துப் பலர் படம் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மலைக்காற்று உடம்புக்கு மருந்து என்கிற நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் காசநோய்க்காரர்களை ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் போன்ற மலையூர்களுக்கு அனுப்பினார்கள். நோயாளிகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மாடங்களில் மாதக்கணக்கில் சாய்ந்து கிடந்தார்கள். 1943இல் காசநோயைக் குணப்படுத்தும் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து வந்ததும் அந்தச் சிகிச்சை இல்லங்களுக்கு வேலை குறைந்து, பல ஓட்டல்களாக மாறின. நோயாளிகள் போய்விட்டார்கள், மலைக்காற்றின் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

குளிருக்கு வருகிறேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். ஆனால் வீட்டுக்குள் நீங்கள் உணரப்போகும் குளிரை முடிவுசெய்வது உயரத்தைவிட, வீடு எந்தச் சரிவைப் பார்த்திருக்கிறது என்பதுதான். எதிர்மலையின் நிழல் எத்தனை மணிக்கு வாசலுக்கு வருகிறது? நார்வேயில் ரியூக்கன் என்று ஒரு ஊர், ஆழமான பள்ளத்தாக்கின் அடியில். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை ஊருக்குள் நேர் வெயிலே விழாது. வெயிலைப் பார்க்க மேலே போய் வரட்டும் என்று 1928இல் அங்கே கம்பிவட ஊர்தி கட்டினார்கள். 2013இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, ஊர்ச் சதுக்கத்தில் வெயிலைத் திருப்பி விழவைத்தார்கள். உங்கள் நிலைமை அவ்வளவு மோசமாக இராது. இருந்தாலும் வீட்டை மத்தியானம் மட்டும் பார்க்காதீர்கள். மாலை மூன்றரைக்குப் போய் முற்றத்தில் நில்லுங்கள்.

சின்னச் சின்ன ஆச்சரியங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரம் மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு லேசில் வேகாது. புறஊதாக் கதிர் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் கூடும், குளிராகத்தானே இருக்கிறது என்று தொப்பி போடாமல் நடந்தால் மூக்கு உரியும். அவ்வளவு மழை பெய்கிற ஊரில் கோடையில் குடிக்கத் தண்ணீர் இராது, ஏனென்றால் சரிவில் விழுந்த தண்ணீர் நிற்பதில்லை, ஓடிவிடுகிறது. ஊற்று வற்றினால் குடம்தான். அதே மாதத்தில்தான் சுற்றுலாக்காரர்கள் வந்து குவிவார்கள். (நீங்களும் அவர்களில் ஒருவர்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.) வீடுகளை நாள் வாடகைக்கு விட்டால் லாபம் என்று தெரிந்துவிட்ட ஊரில், மாத வாடகைக்கு வீடு தேடும் உள்ளூர்க்காரர்களின் பாட்டைக் கேட்டுப்பாருங்கள்.

வீட்டை வாங்கப்போகிறீர்கள் என்றால் வீட்டைவிட மண்ணைப் பாருங்கள். பின்னால் மண் சரியாமல் தாங்கச் சுவர் கட்டியிருப்பார்கள். அதில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கின்றனவா, மழைக்குப் பிறகு அவற்றில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். ஓட்டை இல்லாத சுவர் உறுதியாகத் தெரியும். ஆனால் பின்னால் தேங்கும் தண்ணீரின் அழுத்தத்தை ஒருநாள் அதனால் தாங்க முடியாது. சுவர் வயிறு தள்ளியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். சரிவில் நிற்கும் மரங்களும் மின்கம்பங்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் நிலம் மெல்ல நகர்கிறது என்று அர்த்தம். தரையில் புது விரிசல், நேற்றுவரை ஒழுங்காக மூடிய கதவு இன்று பிடிப்பது, மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையில் தண்ணீர் திடீரெனக் குறைவது அல்லது சேறாக வருவது, இவையெல்லாம் மண்சரிவுக்கு முந்தைய அறிகுறிகள். கடைசியில் சொன்னதைப் பார்த்தால் பொருளை எடுக்கக்கூட நிற்காமல் ஓட வேண்டும்.

மனிதர்கள். முகம் பார்த்துப் பேசுவார்கள், உண்மை. எனக்கு ஒருமுறை காய்ச்சல் கண்டு காலையில் எழுந்திருக்க முடியவில்லை. எட்டரைக்கு எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். "ஏழு மணிக்கெல்லாம் உங்க ஜன்னல் திறந்திருக்குமே, இன்னிக்கு என்ன?" அன்று அவர் வராவிட்டால் தண்ணீர்கூடக் கிடைத்திருக்காது. அதே அம்மாதான் என் வீட்டுக்கு யார் வந்தார்கள், எத்தனை நாள் இருந்தார்கள், போகும்போது முகம் எப்படி இருந்தது என்று தெருவுக்கே சொல்வார். என் ஜன்னல் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று தெரிந்த ஒருவரிடம், மற்றதையெல்லாம் பார்க்காதீர்கள் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று, சின்ன ஊரில் யாரோடும் சண்டை போட முடியாது. ஊரில் இருந்த ஒரே எலக்ட்ரீஷியனோடு எனக்கு ஒருநாள் வார்த்தை தடித்துவிட்டது. தப்பு என் மேல் பாதி. ஐந்து மாதம் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு குளித்தேன். பிறகு நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் வந்து பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டு, "முதல் மாசமே வந்திருக்கலாம்ல" என்றார்.

பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதுவரை அது சொர்க்கம். அதற்குப் பிறகு அவர்கள் கீழே போகும் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்க்க ஆரம்பிப்பார்கள். தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது.

இணையத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மரம் விழுந்து மின்சாரம் போகும், பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள், முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மருத்துவமனையை அதற்குப் பக்கத்தில் ஒற்றைச் சொல்லாக எழுதியிருக்கிறீர்கள், இரண்டும் ஒரே எடை என்பதுபோல. அங்கேதான் எனக்கு உறுத்தியது.

மலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள், மணியில் கேளுங்கள். வரைபடம் 45 கிலோமீட்டர் என்று காட்டும். சமவெளியில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கொண்டை ஊசி வளைவுகளில், முன்னால் ஒரு லாரி இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு போனால் இரண்டு மணி. மூடுபனி இறங்கிவிட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை. மூளையில் ரத்தக்கட்டி அடைத்து வரும் பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நமக்கு விஷயம் புரிய அரை மணி, வண்டி பிடிக்க அரை மணி, இறங்க இரண்டு மணி, போன இடத்தில் ஸ்கேனும் மற்றதும் முடிய ஒரு மணி என்று கழித்துப் பாருங்கள். மிச்சம் அரை மணி. மாரடைப்புக்கு இந்த அளவுகூட அவகாசம் கிடையாது. உங்கள் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு எதை எழுதுவதற்கும் முன்னால் அவருடைய இதய மருத்துவரிடம் இந்தக் கணக்கைக் காட்டிப் பேசுங்கள்.

இப்போது நீங்கள் கேட்டது. நான் இறங்கி வந்தது அம்மாவுக்காக. சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்றார்கள். இயந்திரம் இருந்தது அடிவாரத்து ஊரில். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் சாலையில் மட்டும். நாலு மணி நேரம் இயந்திரத்தில் இருந்துவிட்டு வெளியே வருபவரை அந்த வளைவுகளில் ஏற்றிக்கொண்டு வருவது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. மூன்றாவது வாரம் அம்மா வளைவுகளை எண்ணத் தொடங்கினாள், இன்னும் பதினொன்று, இன்னும் பத்து என்று. ஒரு தடவை பாதியில் மண் சரிந்து அடைத்துக்கொண்டது. இரவு முழுக்க வண்டியில் இருந்தோம். அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்தோம். அந்த இயந்திரம் மட்டும் மேலே இருந்திருந்தால் இன்றைக்கும் அங்கேதான் இருந்திருப்பேன்.

ஆமாம், இருந்திருப்பேன். இவ்வளவு குறை சொல்லிவிட்டு இப்படி எழுதுவது வேடிக்கைதான். சாலை அடைபட்ட நாட்கள்தான் எனக்கு அங்கே மிகவும் பிடித்தவை. யாரும் வர முடியாது, எங்கும் போக முடியாது. கடையில் இருப்பதுதான் இருக்கும். ஊரே குடையைப் பிடித்துக்கொண்டு சரிந்த இடத்தைப் பார்க்கப் போகும், மண்வாரி இயந்திரம் எத்தனை மணிக்கு வரும் என்று ஆளுக்கு ஒன்று சொல்லும், வராது, திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். அப்படியொரு நிம்மதியான தூக்கம் எனக்குச் சமவெளியில் இதுவரை வாய்க்கவில்லை. நீங்கள் காத்திருக்கக்கூடிய ஆளா என்று எனக்குத் தெரியாது. உங்கள் மனைவிக்குத் தெரிந்திருக்கும், கேளுங்கள்.

வீட்டை இப்போது வாங்காதீர்கள். மழை மிக அதிகமாக இருக்கும் இரண்டு மாதத்துக்கு வாடகைக்கு எடுத்துத் தங்குங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி போகுமே என்பீர்கள், நீங்கள் மட்டுமாவது போய் இருங்கள். மழை நாள் ஒன்றில், இரவு நேர இதய சிகிச்சை உள்ள மருத்துவமனை வாசல்வரை தனியாக வண்டி ஓட்டிப் பாருங்கள். ஆன நேரத்தை அந்தத் தாளில் எழுதிவிட்டு, எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். பெல்ட் எப்படி இருக்கிறது என்பதையும்.

அன்புடன்.