நுகர்வோர் கேள்வி-பதில்: பல்லா, எலும்பா?

போன முறை பல் கிளிப் செலவு பற்றி ஒரு வரி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அண்டர்பைட் பற்றியவை. வாயை மூடும்போது கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு முன்னால் வந்து நிற்கும் பிரச்சினை அது. பணம் கட்டிய பிறகு எழுதியவர்கள் அதிகம் என்பதால் இந்த வாரம் முழுக்க அதற்கே.

எட்டு வயது மகளுக்கு கீழ்வரிசைப் பல் முன்னால் வருகிறது. பக்கத்து கிளினிக்கில் "பால்பல் எல்லாம் விழட்டும், 13 வயசில் கிளிப் போட்டுக்கலாம்" என்கிறார்கள். காத்திருக்கலாமா?
— ஒரு தாய், ஈரோடு

காத்திருக்காதீர்கள். எத்துப்பல்லுக்கும் நெருக்கியடித்து முளைத்த பல்லுக்கும் 12, 13 வயது வரை பொறுக்கலாம். உங்கள் மகள் விஷயம் வேறு. மேல்தாடை சரியாக வளராமல் பின்தங்கியிருந்தால், அதை முன்னால் இழுத்து வளரவைக்க ஏற்ற வயது இதுதான். பத்து வயதுக்கு முன்பே தொடங்கினால் பலன் நன்றாக இருக்கும். அமெரிக்காவின் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் எல்லாக் குழந்தைகளையும் 7 வயதுக்குள் ஒருமுறை காட்டிவிடச் சொல்வது இந்த மாதிரிக் குழந்தைகளைத் தவறவிடக் கூடாது என்பதற்காகவும்தான்.

இந்த வயதில் பெரும்பாலும் சொல்வது ஃபேஸ்மாஸ்க். நெற்றியிலும் முகவாயிலும் பதியும் ஒரு சட்டம், மேல்பற்களில் ஒட்டிய கருவி, இரண்டையும் இணைத்து இழுக்கும் ரப்பர். மேல்தாடை குறுகலாக இருந்தால் அதை விரிக்கும் கருவியும் சேரும். ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம் போட வேண்டும். சாயங்காலமும் தூக்கமும் சேர்ந்தால் அந்தக் கணக்கு வந்துவிடும், பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டியதில்லை. இதை மகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதி அழுகை குறையும்.

பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள். வாயை மூடும்போது முன்பற்கள் நுனியோடு நுனி இடித்து, அப்புறம் தாடை முன்னால் வழுக்குகிறதா? அப்படியானால் கோளாறு எலும்பில் இல்லாமல் பல்லில் மட்டும் இருக்கலாம். சில பிள்ளைகளுக்கு ஸ்பிரிங் வைத்த, கழற்றி மாட்டும் சின்ன பிளேட்டே போதும், செலவும் குறைவு. இன்னொன்று: வளரும் பருவத்தில் கீழ்த்தாடை மறுபடி முன்னேறலாம். "இனி வாழ்நாளுக்கும் வராது" என்று உத்தரவாதம் தருகிறவரிடம் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஆன்லைனில் 899 ரூபாய்க்கு சிலிகான் 'பல் டிரெய்னர்' வாங்கினேன். இரவில் கடித்துக்கொண்டு தூங்கினால் 3 மாதத்தில் தாடை உள்ளே போகும் என்று போட்டிருந்தார்கள். எனக்கு வயது 31. இன்னும் போகவில்லை.
— விழுப்புரம்

போகாது. முதுகை நிமிர்த்தும் என்று டிவியில் பார்த்து நான் வாங்கிய பெல்ட் பரணில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் பரண் இருக்கும்.

வீட்டுக்கே வந்து பல் அளவெடுத்து, அலைனர் (பல்லை நகர்த்த மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை) அனுப்பினார்கள். 85,000 ரூபாய், அதில் பெரும்பகுதி இஎம்ஐ. பத்து மாதம் ஒழுங்காகப் போட்டேன். இப்போது முன்பற்கள் நுனியில் இடிக்கின்றன, கடைவாய்ப்பற்கள் சேரவில்லை, சாப்பிடவே சிரமம். கேட்டால் "இன்னொரு செட் வேண்டும், தனியாகக் கட்டுங்கள்" என்கிறார்கள். இதுவரை ஒரு டாக்டரையும் நேரில் பார்க்கவில்லை. வயது 24.
— கோவை

தம்பி, உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. சொன்னபடி போட்டீர்கள், சொன்ன பணத்தைக் கட்டினீர்கள். தப்பு, தலையைப் பக்கவாட்டில் வைத்து ஒரு எக்ஸ்ரேகூட எடுக்காமல் 85,000 ரூபாய்க்கு பில் போட்டவர்களுடையது.

இது எனக்கு ரொம்ப நாள் வயிற்றெரிச்சல், கொஞ்சம் கொட்டிவிடுகிறேன். அண்டர்பைட்டில் முதல் கேள்வி பல்லா, எலும்பா என்பதுதான். பற்கள் மட்டும் சாய்ந்திருந்தால் கிளிப்போ அலைனரோ சரிசெய்யும். தாடை எலும்பே பொருந்தாமல் இருந்தால், கொஞ்சம் வித்தியாசம் வரைக்கும் பற்களைச் சாய்த்து ஒப்பேற்றலாம், சிலருக்குக் கீழே இரண்டு பல் எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு மேல் போனால் அறுவை சிகிச்சைதான். எந்த வகை என்பதை முகத்தைப் பார்த்தோ, செல்போன் படத்தை வைத்தோ சொல்ல முடியாது. செஃபலோகிராம் என்கிற அந்தப் பக்கவாட்டு எக்ஸ்ரே வேண்டும், அதில் கோணம் அளந்து பார்க்கத் தெரிந்த ஆளும் வேண்டும். பிடிஎஸ் முடித்து, மேலே 3 வருடம் இந்தத் துறையிலேயே எம்டிஎஸ் படிக்கிறார்களே, அவர்கள். ஆனால் இன்றைக்கு நம்மிடம் முதலில் பேசுவது கால்குலேட்டரோடு உட்கார்ந்திருக்கும் ஒரு சேல்ஸ் பிள்ளை. "சார், இன்னிக்கே கட்டினா 20 சதவீதம் ஆஃபர்." பல்லுக்கு என்ன ஆடித் தள்ளுபடி? எஸ்டிமேட் சீட்டில் பேக்கேஜ் பெயர் இருக்கும், வண்ணம் இருக்கும், நோய் என்ன என்று ஒரு வரி இருக்காது. மொத்தப் பணத்தையும் முன்னால் வாங்கிக்கொள்வது அடுத்த அக்கிரமம். தண்ணீர் சுத்திகரிப்பு மெஷினுக்கு மூன்று வருட சர்வீஸ் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு, முதல் ஃபில்டர் மாற்றுவதற்குள் கடையைத் தேடியவன் நான். அமெரிக்காவில் இதையே பெரிய அளவில் பார்த்தார்கள். 2014இல் தொடங்கி, வீட்டுக்கே அலைனர் அனுப்பிய ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 செப்டம்பரில் திவால் மனு போட்டு, டிசம்பரில் கதவை மூடியது. பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். தவணைக்காரர்களிடம் மட்டும் தொடர்ந்து கட்டச் சொன்னார்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பில், விளம்பரப் படம், வாட்ஸ்அப் பேச்சு, முதலில் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் சேமியுங்கள். வேறொரு நிபுணரிடம் எக்ஸ்ரே எடுத்து, இப்போதைய நிலையை எழுத்தில் வாங்குங்கள். வழக்குக்கு உயிர் அந்தக் காகிதம்தான். பிறகு நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ், கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பணம் வாங்கிச் செய்யும் மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் கவலையில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். இஎம்ஐயை மட்டும் கோபத்தில் நிறுத்தாதீர்கள், சிபில் மதிப்பெண் அடிபடும். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் புகாரின் நகலை அனுப்புங்கள்.

கிளிப் போட்டால் தாடை உள்ளே போகுமா?
— திண்டுக்கல்

வளர்ந்தவர்களுக்குப் போகாது. பல் மட்டும் உள்ளே போகும்.

என் மாமனாருக்கு, கணவருக்கு, இப்போது மகனுக்கும் இதே தாடை. பரம்பரை என்றால் செலவழித்து என்ன பயன் என்கிறார் மாமியார்.
— தஞ்சாவூர்

பரம்பரையாக வரும் என்பது உண்மைதான். ஐரோப்பாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இந்தத் தாடை ஓவியங்களில் தெரிகிறது. 1700இல் இறந்த ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு உணவை மெல்லவே கஷ்டம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்ட குடும்பம் அது. அவர்கள் காலத்தில் கிளிப் இல்லை, உங்கள் மகன் காலத்தில் இருக்கிறது. பரம்பரையாக வந்தது என்பதால் சிகிச்சை பலிக்காது என்று இல்லை. குடும்பத்தில் இருப்பதால் இன்னும் சீக்கிரம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். தாத்தாவின் பழைய போட்டோ இருந்தால் டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.

மகளுக்கு 22 வயது. தை மாதம் கல்யாணம், நாலு மாதம்தான் இருக்கிறது. ஆபரேஷன் வேண்டும் என்கிறார் ஒரு டாக்டர். இன்னொருவர் மேல்பற்களில் வெனீர் என்கிற மெல்லிய பல்நிறத் தகடு ஒட்டி இரண்டே வாரத்தில் மறைத்துவிடலாம் என்கிறார். எது நல்லது?
— ஒரு தந்தை, மதுரை

நாலு மாதத்தில் நல்லது எதுவும் இல்லை. தாடை ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு வருடம், ஒன்றரை வருடம் கிளிப் போட வேண்டியிருக்கும். தாடைக் கோளாறை ஈடுகட்டச் சாய்ந்துபோன பற்களை முதலில் நேராக்குவார்கள். அதனால் ஆபரேஷன் வரைக்கும் அண்டர்பைட் முன்பைவிட அதிகமாகத் தெரியும். கல்யாண ஆல்பத்தில் அதுதான் பதியும், மகளுக்குச் சம்மதமா என்று அவளைக் கேளுங்கள். அதன் பிறகு ஆபரேஷன், சில வாரம் மென்மையான சாப்பாடு, இன்னும் சில மாதம் கிளிப். கீழுதடு மரத்துப்போகலாம், சிலருக்கு அது முழுதாகத் திரும்புவதில்லை. இதையும் டாக்டர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெனீர் ஒட்டப் பெரும்பாலும் நல்ல பல்லைத் தேய்க்க வேண்டும், தேய்த்த எனாமல் திரும்ப வளராது. கடி சரியாக இல்லாத வாயில் கீழ்ப்பல் அதன் மேல் இடித்துக்கொண்டே இருக்கும், உடையும். இரண்டு வாரக்காரரை விட்டுவிடுங்கள். கல்யாணத்தை முடித்துவிட்டு நிதானமாகத் தொடங்கலாம், 22 வயது தாமதம் இல்லை. செலவு பயமாக இருந்தால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் அங்கே யாரும் ஆஃபர் சொல்ல மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டில் யாராவது தாடையைப் பற்றிப் பேசினார்களா என்று எழுதவில்லை. பேசியிருந்தால் அது வேறு பத்தியில் பதில் சொல்ல வேண்டிய விஷயம்.

டாக்டர் கொடுத்த ரப்பர் பேண்டை சாப்பிடும்போது தொந்தரவு என்று கழற்றினேன், அப்புறம் மாட்டவில்லை. ஆறு மாதம் போகவும் இல்லை, வேலை. இப்போது கூடுதல் கட்டணம் கேட்கிறார். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?
— சென்னை

போகலாம். அவர் அப்பாயின்ட்மென்ட் நோட்டைக் கொண்டுவந்து காட்டுவார், நீங்கள் திரும்பி வரலாம். அண்டர்பைட்டில் கம்பி பல்லை வரிசைப்படுத்தும், மேலையும் கீழையும் பொருத்துவது பெரும்பாலும் அந்த ரப்பர்தான். கூடுதல் கட்டணத்தைத் தவணையாகக் கட்ட முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள்.

கிளிப் கழற்றியாயிற்று. ரிட்டெய்னர் எத்தனை நாள் போட வேண்டும்?
— நாகர்கோவில்

நேராக்கிய பல் பழையபடி நகராமல் பிடித்து வைக்கும் கருவி அது. டாக்டர் போதும் என்று சொல்லும்வரை போட வேண்டும். பெரும்பாலும் சொல்ல மாட்டார். வெந்நீரில் கழுவாதீர்கள், வளைந்துவிடும். ஓட்டலில் டிஷ்யூ பேப்பரில் சுற்றி வைக்காதீர்கள், இலையோடு போய்விடும்.