2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் மாவட்ட வரைபடமாக்கும்போது சில மாவட்டங்கள் வெள்ளையாக வருவது ஏன்? எப்படிச் சரிசெய்வது?

பெரும்பாலும், தமிழ்நாட்டின் 2011 அட்டவணையை இன்றைய மாவட்ட ஷேப்ஃபைலோடு (எல்லைகள் உள்ள வரைபடக் கோப்பு), மாவட்டப் பெயரை வைத்து ஜாயின் செய்திருப்பீர்கள், அதாவது இணைத்திருப்பீர்கள். வெள்ளைக்குக் காரணம் இரண்டு. ஒன்று, எழுத்துக்கூட்டல்: ஒரு கோப்பில் தூத்துக்குடி, இன்னொன்றில் டூட்டிகோரின். மற்றது, அந்த மாவட்டமே 2011-இல் கிடையாது. கணக்கெடுப்புக்காக நிர்வாக எல்லைகளை 2009 டிசம்பர் 31 நிலவரப்படி நிறுத்தி வைத்தார்கள். அப்போது 32 மாவட்டங்கள். கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் 2019-இல் வந்தவை, மயிலாடுதுறை 2020-இல்.

வெள்ளையாவது கண்ணில் பட்டுவிடும். நிறம் ஏறித் தப்பாக நிற்கும் மாவட்டங்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் மக்கள்தொகை 46,46,732. பரப்பு 175 சதுர கி.மீ. அடர்த்தி சதுர கி.மீ.க்கு 26,553 பேர். மாவட்ட எல்லை 2018-இல் 426 சதுர கி.மீ. ஆக விரிந்தது. பழைய மக்கள்தொகையைப் புதிய எல்லையால் வகுத்தால் சுமார் 10,900 வரும். பெயர் பொருந்துகிறது, ஜாயின் ஓடுகிறது, ஒரு எச்சரிக்கையும் வராது. வேலூர், விழுப்புரம், திருநெல்வேலியில் இதே பிழை தலைகீழாக நடக்கும்: பிரிவதற்கு முந்தைய முழு மக்கள்தொகையும் சுருங்கிப்போன நிலத்தில் ஏறி, அடர்த்தி பொய்யாக உயரும்.

அதனால் முதல் வேலை, 2011 எல்லைக் கோப்பைத் தேடுவது. கிடைக்காவிட்டால் புதிய மாவட்டங்களைத் தாய் மாவட்டத்தோடு டிசால்வ் செய்யுங்கள், அதாவது நடு எல்லையை அழித்து ஒன்றாக்குங்கள். ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூருக்கு, தென்காசி நெல்லைக்கு, மயிலாடுதுறை நாகைக்கு. சென்னைக்கு மட்டும் இந்த வழி உதவாது. அது திருவள்ளூரிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் துண்டுகளை வாங்கியிருக்கிறது. அம்பத்தூர், சோழிங்கநல்லூர் பக்கத்தைக் கிராம, வார்டு எல்லையில் வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

அடுத்து, பெயரை விட்டுவிட்டுக் குறியீட்டால் இணையுங்கள். 2011-இல் தமிழ்நாட்டின் எண் 33. மாவட்டங்கள் 602 (திருவள்ளூர்) முதல் 633 (திருப்பூர்) வரை. சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) திறக்கும்போது ஒரு பக்கம் எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் படிக்கப்பட்டால் குறியீடு பொருந்தாமல் எல்லாமே காலியாக வரலாம். இரண்டையும் எழுத்து வகைக்கு மாற்றிவிடுங்கள். நாடு முழுவதற்கும் செய்தால் 01, 02 என்று தொடங்கும் மாநில எண்களின் சுழியத்தை எக்செல் தின்றுவிடும், அதையும் கவனியுங்கள்.

ப்ரைமரி சென்சஸ் ஆப்ஸ்ட்ராக்ட் என்னும் கணக்கெடுப்பின் அடிப்படைச் சுருக்க அட்டவணையில் ஒரே மாவட்டம் மொத்தம், ஊரகம், நகர்ப்புறம் என்று தனித்தனி வரிகளில் வரும். ‘மொத்தம்’ வரிகளை மட்டும் வடிகட்டிய பிறகே ஜாயின். முடிந்ததும் மக்கள்தொகை நெடுவரிசையைக் கூட்டிப் பாருங்கள்: 7,21,47,030 வர வேண்டும். 14,42,94,060 வந்தால் மூன்று வகை வரிகளும் உள்ளே இருக்கின்றன. இந்தக் கூட்டல் ஒரு நிமிட வேலை, தயவுசெய்து விடாதீர்கள்.

எழுத்தறிவு விகிதம் போடுவதானால், மொத்த மக்கள்தொகையால் வகுக்கக் கூடாது; 0–6 வயதுக் குழந்தைகளைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். மாநில அளவில் எழுத்தறிவு பெற்றோர் 5,18,37,507, குழந்தைகள் 74,23,832. சரியாகச் செய்தால் 80.09 சதவீதம், கழிக்காமல் விட்டால் 71.85.

அடர்த்திக்கு அட்டவணையில் உள்ள பரப்பளவே நல்லது. நீங்களே கணக்கிடுவதென்றால், ஃபீல்டு கால்குலேட்டரில் டாலர் குறியோடு வரும் ஏரியாவைப் ($area) பயன்படுத்துங்கள். அது பூமியின் வளைவைச் சேர்த்துக் கணக்கிடும். டாலர் குறி இல்லாத ஏரியா, லேயர் அட்சரேகை–தீர்க்கரேகையில் இருந்தால் சதுர டிகிரியில் விடை தரும். மீட்டரில் அளக்கும் யுடிஎம் ஆயமுறையின் 44 வடக்கு மண்டலத்துக்கு மாற்றியும் செய்யலாம், ஆனால் நீலகிரி பக்கம் பரப்பு கிட்டத்தட்ட அரை சதவீதம் கூடிவிடும்.

நிறம் பிரிப்பதில் சம இடைவெளியைத் தேர்ந்தெடுத்தால் வரைபடம் வீண். ஐந்து வகுப்பு என்றால் ஒவ்வொன்றும் ஐயாயிரத்துக்கு மேல் அகலம். சென்னை உச்சத்தில் நிற்க, அடுத்ததாக வரும் கன்னியாகுமரியே 1,111 தான். மீதி 31 மாவட்டமும் ஒரே நிறமாகிவிடும். எல்லைகளைக் கையால் போடுங்கள்: 400, 555 (மாநிலச் சராசரி), 750, 1,200, சென்னைக்குத் தனி வகுப்பு. அடர்த்தி, விகிதம் இவற்றுக்குத்தான் நிறம். வெறும் தலைக்கணக்கைக் காட்டுவதற்கு வட்டங்களின் அளவே பொருத்தம்.

சேமிக்கும்போது ஷேப்ஃபைலுக்குப் பதில் ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஷேப்ஃபைலில் நெடுவரிசைப் பெயருக்குப் பத்து பைட்தான். யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் ஒரு தமிழ் எழுத்துக்கே மூன்று பைட் என்பதால் ‘மக்கள்தொகை’ பாதியில் அறுந்துவிடும்.

அடுத்த கணக்கெடுப்போடு ஒப்பிடும் எண்ணம் இருந்தால், 2011 எண்களைப் பரப்பளவு விகிதத்தில் 38 மாவட்டங்களுக்குப் பங்கிடாதீர்கள். தென்காசிப் பக்கம் மலைக்காட்டிலும் ஊர்களுக்கு இணையாக மக்கள் இருப்பதாகக் கணக்கு சொல்லும். ஆறு இலக்கக் கிராம, நகரக் குறியீட்டோடு 2011 அட்டவணை கிடைக்கிறது. ஒவ்வொரு ஊரும் இன்று எந்த மாவட்டம் என்று ஒரு நெடுவரிசை சேர்த்துக் கூட்டினால், 2011-ஐயே 38 மாவட்டமாகப் பெறலாம்.